நஞ்சு விழுந்ததா?

மாடு ஈன்ற இரவுகளில் பீர்மேட்டுத் தேயிலைத் தோட்டத்தில் எங்கள் லயத்துப் பெண்கள் கன்றைவிட மாட்டைத்தான் கவலையோடு பார்ப்பார்கள். நஞ்சு, அதாவது நஞ்சுக்கொடி, விழுந்ததா என்பதே பேச்சு. விழுந்துவிட்டால் அதை வைக்கோலில் சுற்றி, பால் வடியும் மரமாகப் பார்த்துக் கட்டுவார்கள். தங்கிவிட்டால் அம்மாச்சி மூங்கில் இலை ஒடித்து வந்து ஊட்டுவாள். தொங்கும் கொடியில் கல்லைக் கட்டிவிடுகிறவர்களும் இருந்தார்கள்; கருப்பை கிழியும் என்று அப்போது சொல்ல ஆளில்லை. மூன்றாம் நாள் தொழுவம் நாறும், மாட்டுக்குக் காய்ச்சல் அடிக்கும், பால் வற்றும்.

நஞ்சு தங்குவதில் தீனிக்கும் பங்கு உண்டு. அன்றைய பீர்மேட்டு மாடு சின்னது, கறப்பதும் கொஞ்சம். ஆனால் புல்மேட்டில் நாள் முழுக்கப் பச்சை மேய்ந்தது. 1963இல் மூணாறு பக்கம் மாட்டுப்பட்டியில் இந்திய-சுவிஸ் கால்நடைத் திட்டம் தொடங்கியது. பிரவுன் சுவிஸ் காளையை நாட்டுப் பசுவோடு சேர்த்ததில் சுனந்தினி என்ற கலப்பினம் பிறந்தது. பால் பெருகியது, மேய்ச்சல் சுருங்கியது. கம்பத்து வைக்கோல் குமுளி வழியாக லாரியில் மலையேறியது. வயிறு நிறைந்தது உண்மை. ஆனால் பச்சைப் புல்லில் நிறைந்திருக்கும் வைட்டமின் ஈ, வெயிலில் காய்ந்த வைக்கோலில் பெரும்பாலும் மிஞ்சுவதில்லை.

மண்ணிலும் ஒரு சிக்கல் உண்டு. தேயிலைக்குப் பிடித்தது அமில மண். அப்படிப்பட்ட மண்ணில் செலினியம் இரும்போடு ஒட்டிக்கொள்ளும். புல்லின் வேருக்குக் கிடைப்பது குறைவு. பின்லாந்து 1984இலிருந்து உரத்திலேயே செலினியம் கலக்கிறது, அங்குள்ள மண்ணில் அது போதாததால்.

வைட்டமின் ஈயும் செலினியமும் கூட்டாளிகள். உடலின் சொந்த வேலையிலேயே உண்டாகும் பெராக்சைடைச் சிதைக்கும் நொதிக்குள் செலினியம் இருப்பது 1973இல் தெரிந்தது. வைட்டமின் ஈ செல்லின் சவ்வில் நின்று அதே கேட்டைத் தடுக்கிறது. இரண்டும் குறைந்தால் வெள்ளை அணுக்கள் சோர்ந்துபோகும். கருப்பைச் சுவரிலிருந்து நஞ்சைப் பிரித்துவிடுவதில் அந்த அணுக்களுக்கும் பங்கு உண்டு. மடிநோயை எதிர்ப்பதும் அவைதான். பற்றாக்குறை கடுமையானால் கன்றுக்கு வெண்தசை நோய் வரும். எழுந்து நின்று சீம்பால் குடிக்கவே அதற்குத் தெம்பிருக்காது.

இன்று கவனிப்பு ஈற்றுக்கு இரண்டு மாதம் முன்பே, பால் வற்றவிடும்போதே தொடங்குகிறது. தீவனத்தில் தாது உப்புக் கலவை சேர்க்கிறார்கள். குறை தெரிந்தால் மருத்துவர் செலினியமும் வைட்டமின் ஈயும் சேர்ந்த ஊசி போடுகிறார். தாது உப்பைக் கண்ணளவில் அள்ளிப் போடுவதைக் கண்டால் எனக்குப் பதறும். ஒரு கிலோ தீவனத்துக்கு 0.3 மில்லிகிராம் செலினியம் போதும். அளவு மீறினால் அதுவே விஷம். பஞ்சாபின் நவான்ஷகர், ஹோஷியார்பூர் பக்கம் சில ஊர்களின் மண்ணிலேயே செலினியம் மிகுதி. அங்கே மாடுகளுக்குக் குளம்பு வெடித்து, வால் மயிர் உதிர்ந்ததைப் பதிவு செய்திருக்கிறார்கள்.

போன மழையில் எங்கள் பசு விடியற்காலையில் ஈன்றது. வெயில் ஏறுவதற்குள் நஞ்சு தானே விழுந்தது. அம்மா அதை வைக்கோலில் சுற்றிக்கொண்டு, மரம் தேடிக் கிளம்பினாள்.