வண்டி காலனிக்குள் வரட்டும், மறுபடியும் வரட்டும்

பல்வலியை நம் மக்கள் ஒரு நோயாகவே எண்ணுவதில்லை. கிராம்பைக் கடித்துக்கொள்வார்கள்; உப்புத் தண்ணீரில் கொப்பளிப்பார்கள்; கொஞ்சம் புகையிலையை அடக்கிக்கொண்டு நடவுக்குப் போய்விடுவார்கள். கன்னம் வீங்கிச் சோறு இறங்காதபோதுதான் ஆஸ்பத்திரிப் பேச்சே வரும். அதற்குள் பல்லைப் பிடுங்குவதைத் தவிர வேறு வழி இருக்காது. இதை அறியாமை என்று சொல்லித் தப்பிக்க முடியாது. ஒருநாள் கூலியை விட்டு, பஸ்ஸுக்கும் காசு கொடுத்து, வரிசையில் நிற்க முடியாதவர்களின் கணக்கு இது.

இந்தக் கணக்கை மாற்றும் வசதி பல் மருத்துவக் கல்லூரிகளிடம் இருக்கிறது. ஊருக்குள் சென்று மருத்துவம் பார்ப்பதற்கென்றே அங்கே ஒரு துறை உண்டு. இந்தியப் பல் மருத்துவக் கவுன்சிலின் 2007ஆம் ஆண்டு விதிகள், ஓராண்டுப் பயிற்சிக் காலத்தில் மூன்று மாதங்களைச் சமூகப் பல் மருத்துவத்துக்கும் கிராமப்புறப் பணிக்கும் ஒதுக்கின. நாற்காலி, கம்ப்ரசர், தண்ணீர்த் தொட்டி பொருத்திய வண்டி வந்தால், பல்லைச் சுத்தம் செய்வது, சொத்தையை அடைப்பது, பல் எடுப்பது எல்லாம் வாசலிலேயே முடியும். கரண்ட் இல்லாத இடத்தில்கூட, கைக்கருவியால் சொத்தையைச் சுரண்டி எடுத்து, மருந்துப்பசையை அடைத்துப் பல்லைக் காப்பாற்றும் முறை உண்டு.

நம் கடலூர் மாவட்டத்தில், 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, நூற்றுக்கு 29 பேர் பட்டியல் சாதியினர். மாநில அளவில் இது 20. சிதம்பரம் அண்ணாமலை நகரில் 1980இல் தொடங்கிய பல் மருத்துவக் கல்லூரி இன்று அரசின் கையில் இருக்கிறது. தேவையும் இங்கேயே இருக்கிறது, மருத்துவமும் இங்கேயே இருக்கிறது. இடையில் இருப்பது ஊருக்கும் காலனிக்கும் நடுவே உள்ள தூரம்.

பொதுவாக முகாம் என்றால் வண்டி எங்கே நிற்கிறது? ஊராட்சி அலுவலகத்தில், ஊர்ப் பள்ளிக்கூடத்தில், கோயில் திடலில். ‘கிராமத்துக்குப் போய் வந்தோம்’ என்று பதிவேடு சொல்லும். ஊர்த்தெருவில் செருப்பைக் கையில் பிடித்து நடந்து பழகிய தலைமுறையைச் சேர்ந்த நம் கிழவி, அங்கே போய் நாற்காலியில் சாய்ந்து வாயைத் திறப்பாளா?

1929இல் கத்தியவாரில் நடந்த ஒரு கொடுமையை அண்ணல் அம்பேத்கர் தமது குறிப்புகளில் எடுத்துக்காட்டியிருக்கிறார். பிள்ளை பெற்று நோயுற்றுக் கிடந்த ஒரு தலித் ஆசிரியரின் மனைவியைப் பார்க்க வந்த டாக்டர், சேரிக்குள் நுழைய மறுத்தார். நோயாளியை வெளியே கொண்டுவரச் சொன்னார். வெப்பமானியை ஒரு முஸ்லிமிடம் கொடுக்க, அவர் கணவரிடம் கொடுக்க, கணவர் மனைவிக்கு வைத்தார். அதே வழியில் அது திரும்பியது. அந்தத் தாய் பிழைக்கவில்லை.

அந்த வரலாற்றோடு வைத்துப் பார்த்தால், இன்று ஒரு மாணவி துப்புரவுத் தொழிலாளியின் வாய்க்குள் விரல் விட்டுக் கன்னத்தைத் தடவிப் பார்ப்பது சின்ன விஷயமல்ல. அதை மனமாரப் பாராட்டுகிறோம். ஆனால், தொட்டுப் பார்த்ததோடு கடமை முடியாது. முகாமில் பலருக்குக் கிடைப்பது ஒரு பிரஷ், ஒரு பேஸ்ட், ‘கல்லூரிக்கு வாருங்கள்’ என்ற சீட்டு. அந்தச் சீட்டுக்குப் பின்னால் மீண்டும் அதே பஸ் காசு, அதே கூலி இழப்பு. சீட்டு கூரையில் செருகிக் கிடக்கும். வலி வாயில் கிடக்கும்.

இதில் பல்லை விடப் பெரிய ஆபத்தும் உண்டு. 2016-17இல் எடுத்த தேசியக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் வயது வந்தவர்களில் 21.4 விழுக்காட்டினர் மெல்லும் வகைப் புகையிலையைப் பயன்படுத்துகிறார்கள். சாக்கடை நாற்றத்தைத் தாங்கவும் வயல் வேலையில் பசியை மறக்கவும் அதை வாயில் அடக்குவோர் நம்மில் ஏராளம். வாயில் வெள்ளைத் தழும்போ சிவப்புத் தழும்போ, இரண்டு மூன்று வாரமாகியும் ஆறாத புண்ணோ இருந்தால் உடனே காட்ட வேண்டும். மூன்று விரல்களை மேலும் கீழுமாக அடுக்கி நுழைக்க முடியாதபடி வாய் இறுகினாலும் அப்படித்தான். வாய்ப்புற்றுநோயைத் தொடக்கத்தில் கண்டால் காப்பாற்றலாம். அதைக் காணத் தேவைப்படுவது வெளிச்சமும் ஒரு சின்னக் கண்ணாடியும் ஐந்து நிமிடமும்தான்.

ஆகவே நாம் கேட்பது இவைதான். வண்டி காலனிக்குள்ளேயே நிற்கட்டும். கூலிவேலை முடிந்து ஆட்கள் வீடு திரும்பும் மாலையில் வரட்டும். பிடுங்குவதோடு நிற்காமல் அடைக்கவும் செய்யட்டும். யாருக்கு என்ன கண்டார்கள் என்று எழுதிவைத்து, அதே தெருவுக்குக் குறித்த நாளில் திரும்பி வரட்டும். மேல்சிகிச்சை தேவைப்படுவோரைக் கல்லூரி வண்டியிலேயே அழைத்துப் போய்த் திரும்ப விடட்டும்.

இது தருமம் அல்ல. மாணவர்கள் தொழில் கற்பது நம் மக்களின் வாயில். கற்றுக்கொண்டவர்கள் குணப்படுத்திக் கொடுப்பதுதான் நியாயம். வார்டு உறுப்பினர்களும் மகளிர் குழுக்களும் கல்லூரி முதல்வருக்கு ஒரு மனு எழுதினால் போதும், பேச்சு தொடங்கும். அந்த மனுவில் முகாம் நடக்க வேண்டிய இடம் என்று காலனித் தெருவின் பெயரைத் தெளிவாக எழுதுவோம்.