அளவுகோலும் அளக்கப்படுவோரும்: தேசிய அடைவுமட்ட மதிப்பீடும் மலையகப் பாடசாலைகளும்

கல்வியின் தரத்தை அளக்க முடியுமா என்னும் வினாவுக்கு விடை காண்பது கடினமன்று. அளக்க முடியும், அளக்கவும் வேண்டும். எதனை, எவர்பொருட்டு, எந்த அலகில் அளக்கின்றோம் என்பதே சிக்கலான வினாவாகும். இலங்கையில் ஆண்டுதோறும் இலட்சக்கணக்கான மாணவர் பொதுப் பரீட்சைகளுக்குத் தோற்றுகின்றனர். எனினும் அப்பரீட்சைகள் கல்வியின் தரத்தை அளப்பதற்கென அமைந்தவையல்ல. இவ்வேறுபாட்டைத் தெளிவுபடுத்தி, மலையகத் தோட்டப் பாடசாலைகளைப் பொறுத்தவரை அதன் முக்கியத்துவத்தை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதலில் ஐந்தாந் தரப் புலமைப்பரிசில் பரீட்சையை நோக்குவோம். 1943இல் வெளிவந்த கன்னங்கரா குழு அறிக்கையும், 1945இல் நடைமுறைக்கு வந்த இலவசக் கல்வியும் உருவாக்கிய சூழலில், வறிய குடும்பத்துத் திறமைசாலிப் பிள்ளைகளை மத்திய பாடசாலைகளுக்குத் தெரிந்தெடுக்கும் முயற்சியாக அது வளர்ந்தது. எனவே அது ஒரு தெரிவுப் பரீட்சை. இடங்கள் வரையறுக்கப்பட்டுள்ளமையால், நாடெங்கும் கற்பித்தல் எவ்வளவு மேம்பட்டாலும் ஒரு பகுதியினரே தெரிவாவர். பொல்பிட்டியவைச் சூழ்ந்த தோட்டமொன்றின் பாடசாலையில் ஒரு பிள்ளை வெட்டுப்புள்ளியைக் கடந்தால் அது ஊரே கொண்டாடும் செய்தியாகின்றது. அதே வகுப்பில் எஞ்சியிருந்த பிள்ளைகள் சரளமாக வாசிக்கக் கற்றனரா என்பதை அப்பெறுபேறு நமக்குக் கூறுவதில்லை.

தேசிய அடைவுமட்ட மதிப்பீடு இதனின்றும் வேறுபட்டது. கொழும்புப் பல்கலைக்கழகக் கல்விப் பீடத்தைச் சார்ந்த தேசிய கல்வி ஆராய்ச்சி, மதிப்பீட்டு நிலையம் 2003இல் நான்காந் தர மாணவரின் அடைவை முதன்மொழி, கணிதம், ஆங்கிலம் ஆகிய பாடங்களில் அளந்தது. பின்னர் எட்டாந் தரத்திலும் இத்தகைய மதிப்பீடுகள் இடம்பெற்றன. இங்கு எல்லா மாணவரும் தோற்றுவதில்லை. மாகாணம், மொழிமூலம், பாடசாலை வகை முதலியவற்றைக் கருத்திற் கொண்டு ஒரு மாதிரி தெரிவுசெய்யப்படுகின்றது. தேயிலைச் சுவைஞர் ஒரு கிண்ணத்தைச் சுவைத்து ஒரு தொகுதித் தேயிலையின் தரத்தைக் கணிப்பதை இதற்கு ஒப்பிடலாம். இங்கே தனியொரு பிள்ளைக்குச் சித்தியோ தோல்வியோ இல்லை. பரீட்சிக்கப்படுவது கல்வி முறைமையே. ஐக்கிய அமெரிக்காவில் 1969இல் தொடங்கிய தேசிய மதிப்பீடும் இத்தத்துவத்தையே பின்பற்றுகின்றது.

2003ஆம் ஆண்டு மதிப்பீட்டில், எதிர்பார்க்கப்பட்ட தேர்ச்சியை முதன்மொழியில் 37 வீதத்தினரும், கணிதத்தில் 38 வீதத்தினரும், ஆங்கிலத்தில் 10 வீதத்தினருமே எய்தியிருந்தனர். ஏறத்தாழ எல்லாப் பிள்ளைகளையும் பாடசாலைக்குள் கொணர்ந்துவிட்டோம் எனப் பெருமை கொண்டிருந்த நாட்டுக்கு இது ஓர் எச்சரிக்கையாக அமைந்தது. பாடசாலைக்கு வருதலும் கற்றலும் ஒன்றல்ல என்பதைப் பொதுப் பரீட்சைகள் இவ்வளவு தெளிவாகக் காட்டியதில்லை.

ஆயினும் தேசியச் சராசரியோடு நின்றுவிடலாகாது. 1969இல் இயங்கத் தொடங்கிய பொல்பிட்டிய மின்நிலையம் லக்ஷபான நீர்மின் திட்டத்தின் ஓர் அங்கம். அத்திட்டத்தில் காசல்ரீ, மவுசாகலை, நோர்ட்டன், கென்யன் என நீர்த்தேக்கங்கள் பல உள. அவை அனைத்தினதும் நீர்மட்டத்தைக் கூட்டிச் சராசரி காண்பதால் எந்தப் பொறியியலாளருக்கும் பயனில்லை. எந்தத் தேக்கம் வற்றுகின்றது என்பதே அவர் அறியவேண்டியது. கல்வி மதிப்பீட்டுக்கும் இது பொருந்தும்.

மொழிமூலம் என்ற பகுப்பு மட்டும் இதற்குப் போதாது. மத்திய மாகாணத்தின் தமிழ்மொழிமூலப் பாடசாலைகளுள் கண்டி நகரக் கல்லூரியும், முஸ்லிம் பாடசாலையும், லயங்களின் நடுவேயுள்ள ஆரம்பப் பாடசாலையும் அடங்கும். இம்மூன்றின் வரலாறும் வேறு, வசதிகளும் வேறு. 1920ஆம் ஆண்டுக் கல்விக் கட்டளைச் சட்டம் தோட்டப் பிள்ளைகளின் ஆரம்பக் கல்வியைத் தோட்ட நிர்வாகத்தின் பொறுப்பில் விட்டது. 1945இன் இலவசக் கல்வி ஏனையோருக்கு வழிதிறந்தபோதும், இப்பாடசாலைகள் பெரும்பாலும் ஓராசிரியர் கூடங்களாகவே தொடர்ந்தன. 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் மலையக மக்களின் அரசியற் குரலையும் பறித்தது. 1970களின் பிற்பகுதியிலேயே தோட்டப் பாடசாலைகள் பெருமளவில் அரசின் பொறுப்புக்கு வந்தன. ஒரு தலைமுறைக்கும் மேற்பட்ட இத்தாமதத்தை மறந்து புள்ளிகளை ஒப்பிடுவோர், சமூக அநீதியின் விளைவைப் பிள்ளையின் திறனின்மையாகத் திரித்துக் காண்பர்.

கவனிக்கவேண்டிய மற்றொன்று, பரீட்சை மண்டபத்துக்கு வராதோர் பற்றியது. எட்டாந் தரத்தில் மதிப்பிடப்படுவோர் அவ்வகுப்புவரை எஞ்சியோரே. கடைக்கும் வீட்டு வேலைக்கும் அனுப்பப்பட்ட சிறுவர் சிறுமியர் அக்கணக்கிற் சேரார். நலிந்த மாணவர் இடைவிலகினாலும் சராசரி உயரக்கூடும். ஆதலின், அடைவுமட்டத்தை இடைவிலகல் வீதத்தோடும் வரவோடும் சேர்த்தே வாசித்தல் வேண்டும்.

அளவீடு தண்டனையாக மாறும் ஆபத்தும் உண்டு. இங்கிலாந்தில் 1862ஆம் ஆண்டின் திருத்தப்பட்ட கல்விக் கோவை, மாணவரின் பெறுபேற்றுக்கேற்பப் பாடசாலைக்கு மானியம் வழங்கியது. விளைவு யாது? பரிசோதகர் கேட்பவற்றை மட்டும் மனனம் செய்விக்கும் வழக்கம் பரவியது. அந்நூற்றாண்டு முடியுமுன் அம்முறை கைவிடப்பட்டது. பெறுபேறு குறைந்த பாடசாலைக்கு உதவியைக் குறைப்பது, நோயாளியின் வெப்பமானி உயர்வைக் கண்டு மருந்தை நிறுத்துவதற்கு ஒப்பாகும்.

எனவே நாம் வலியுறுத்துவன மூன்று. தேசிய மதிப்பீடு மாதிரி அடிப்படையிலேயே அமைதல் வேண்டும். அது பிள்ளையைத் தரம்பிரிக்கும் மற்றொரு பரீட்சையாக மாறலாகாது. பெறுபேறுகளைத் தோட்டத்துறைக்கெனத் தனியே பகுத்து, ஆசிரியர் தொகை, கட்டடம், போசாக்கு, பாடசாலைக்குள்ள தூரம் ஆகியவற்றுடன் இணைத்து வெளியிடுதல் வேண்டும். குறைவு காணப்படும் இடத்துக்கே வளங்கள் முதலிற் செல்லுதல் வேண்டும்.

தோட்டத்திற் பறிக்கப்படும் கொழுந்து நாள்தோறும் கிலோக் கணக்கில் நிறுக்கப்படுகின்றது. அதைப் பறிக்கும் தாயின் பிள்ளை என்ன கற்றது என்பதை நேர்மையாக அளந்து, அதற்கு அரசும் சமூகமும் பொறுப்பேற்கும்போதே கல்வியில் சமவாய்ப்பு என்னும் சொல் பொருளுடையதாகும்.