மார்ச் 18: மாண்டோர்க்கென ஒரு நாள்

இத்தாலி தேசத்து வெனிஸ் நகரில் ஆண்டுதோறும் யூலை மாதத்து மூன்றாம் ஞாயிற்றுக்கிழமை பெருவிழா ஒன்று நிகழ்வதுண்டு. கால்வாயின் குறுக்கே மிதவைப் பாலம் அமைத்து, மக்கள் அதன்மீது நடந்து மீட்பர் ஆலயத்தை அடைவர். முதல்நாள் இரவு விருந்தும் வாணவேடிக்கையும் உண்டு. 1575 முதல் 1577 வரை அந்நகரிற் பரவிய கொள்ளைநோய் ஏறக்குறைய 50,000 உயிர்களைக் கவர்ந்தது. நோய் நீங்கினால் ஆலயம் எழுப்புவதாக ஆட்சிமன்றத்தார் 1576இல் வைத்த நேர்த்தியே இவ்விழாவின் தோற்றுவாய். ஆயின், அது பிழைத்தவர்கள் செலுத்தும் நன்றிக்கடன், மாண்டவர்க்குரிய நாளன்று.

மாண்டவர்க்கென்றே ஒரு நாளை அதே இத்தாலி 2021இற் சட்டமியற்றி ஒதுக்கியது. கொரோனாப் பெருந்தொற்றில் உயிர்நீத்தோரின் தேசிய நினைவு நாள் மார்ச் 18. நோய் முதன்முதற் காணப்பட்ட நாளைத் தெரிந்தெடுக்காது இந்நாளைத் தெரிந்தெடுத்தமைக்குக் காரணம் பெர்காமோ நகரில் உண்டு.

ஒருகாலத்தில் வெனிஸ் ஆட்சிக்குட்பட்டிருந்த பெர்காமோ 2020 மார்ச் மாதத்தில் அடைந்த துயரம் சொல்லுந்தரமன்று. அந்நகரத்து நாளிதழில் ஒருநாள் மரண அறிவித்தல்கள் மாத்திரமே பத்துப் பக்கங்களை நிரப்பின. தகனசாலை இரவுபகலாக இயங்கியும் போதவில்லை. சவப்பெட்டிகள் மயானத்துத் தேவாலயத்தில் வரிசையாகக் காத்துக்கிடந்தன. 18ஆம் திகதி இரவு இராணுவ லொறிகள் அணிவகுத்து வந்து, அவற்றை வேற்றூர்த் தகனசாலைகளுக்கு ஏற்றிச் சென்றன. வீட்டு மாடத்திலிருந்து ஒருவர் பிடித்த படம் அக்காட்சியை உலகறியச் செய்தது.

லொறிகளின் பின்னே உறவினர் எவரும் செல்லவில்லை. தொற்றுக்கு அஞ்சி அரசு மரணச் சடங்குகளையும் நிறுத்தி வைத்திருந்த காலம் அது. நோயாளர் வண்டியில் ஏறிச்சென்ற தந்தையின் முகத்தைப் பின்னர் காணாத பிள்ளைகள் பலர். பிரேதத்துக்கு ஆடை அணிவிக்கவோ, அருகிருந்து அழவோ அவர்களுக்கு வாய்க்கவில்லை. அன்று நடவாதுபோன அந்த இறுதி ஊர்வலத்துக்கே தேசம் ஆண்டுதோறும் தலைவணங்குகிறது எனலாம்.

சட்டம் விதித்திருப்பன மிகச் சில. பொது இடங்களிலும் தனியார் இடங்களிலும் ஒரு நிமிட மௌனம் அனுட்டிக்கப்படும். விரும்பும் ஊழியர் தம் சம்பளத்தில் ஒரு மணிநேரத்துக்குரிய தொகையையோ அதற்கு மேலாகவோ மருத்துவ ஆராய்ச்சிக்கு வழங்கலாம். விடுமுறை மாத்திரம் இல்லை. பாடசாலைகளும் அலுவலகங்களும் வழமைபோல நடைபெறும். இது நன்றே. விடுமுறை கிடைத்தால் துக்க நாளும் உல்லாச நாளாக மாற அதிக காலம் செல்லாது. வெனிஸ் நகரத்து வாணவேடிக்கையே அதற்குச் சான்று.

முதலாவது நினைவு நாளன்று பிரதமர் மாரியோ திராகி பெர்காமோவுக்கு வந்தார். பெரிய மருத்துவமனைக்கு அண்மையிலுள்ள பூங்காவில், மாண்டோர் நினைவாக ஒரு சோலைக்குரிய முதல் மரங்கள் அன்று நடப்பட்டன.