மாத்திரை சாப்பிட்டால் எச்.ஐ.வி. சோதனை முடிவு மாறுமா?

காய்ச்சல், சளி, சர்க்கரை, ரத்த அழுத்தம் போன்றவற்றுக்கு வழக்கமாகச் சாப்பிடும் மாத்திரைகளால் எச்.ஐ.வி. சோதனையின் முடிவு மாறாது. ஆன்டிபயாடிக்கும் அப்படித்தான். 'நெகட்டிவ்' என்று வந்த பிறகும், இடையில் விழுங்கிய ஏதோ ஒரு மாத்திரையை நினைத்துத் தூக்கம் கெடுபவர்கள் உண்டு. அந்த வேதனை தேவையே இல்லை.

சோதனை தேடுவது, கிருமிக்கு எதிராக நம் உடல் உருவாக்கும் எதிர்ப்புப் புரதங்களை. நான்காம் தலைமுறைச் சோதனை, கிருமியின் பி24 என்ற புரதத்தையும் சேர்த்துத் தேடும். தொற்றிய பின் இவை ரத்தத்தில் தென்படும் அளவுக்குச் சேரப் பிடிக்கும் காலம்தான் 'விண்டோ பீரியட்'. ஆய்வகத்தில் செய்யும் நான்காம் தலைமுறைச் சோதனைக்கு இது 18 முதல் 45 நாள். விரலில் குத்திச் செய்யும் துரித எதிர்ப்புப் புரதச் சோதனைக்கு 23 முதல் 90 நாள்.

இந்தக் கணக்கைக் குழப்பக்கூடியவை முக்கியமாக எச்.ஐ.வி.க்கு எதிரான மருந்துகளே. தொற்று ஏற்பட்டிருக்கலாம் என்ற நிலையில் 72 மணி நேரத்துக்குள் தொடங்கி 28 நாள் சாப்பிடும் 'பெப்', முன்கூட்டியே எடுக்கும் 'பிரெப்' இரண்டும் இவற்றில் அடங்கும். தப்பித் தவறித் தொற்றியிருந்தால் இவை கிருமியைப் பெருகவிடாமல் அடக்கிவைக்கும். அதனால் எதிர்ப்புப் புரதம் தாமதமாகவோ மங்கலாகவோ தெரியலாம். எனவே பெப் எடுத்தவர்கள் 28 நாள் மருந்தை முடித்து, அதன் பிறகு குறைந்தது 45 நாள் கழித்தே நான்காம் தலைமுறைச் சோதனையின் நெகட்டிவை உறுதியாகக் கொள்ளலாம். துரிதச் சோதனைக்கு இன்னும் பொறுக்க வேண்டும். சோதனை குழம்பும் என்று பயந்து பெப்பைத் தவிர்ப்பதோ பாதியில் விடுவதோ மிகப் பெரிய ஆபத்து.

எச்.ஐ.வி. தொற்று உறுதியாகி, அதற்கான ஏஆர்டி மருந்துச் சிகிச்சையில் இருப்பவருக்கு வைரஸ் அளவு கண்டறிய முடியாதபடி குறைந்திருக்கலாம். அதற்கு நோய் போய்விட்டது என்று பொருளல்ல. மருந்தை நிறுத்தினால் கிருமி மீண்டும் பெருகும்.

உறுப்பு மாற்றத்துக்குப் பின் எடுக்கும் எதிர்ப்புச் சக்திக் குறைப்பு மருந்துகள், கீமோதெரபி போன்றவை எதிர்ப்புப் புரதம் உருவாவதைத் தாமதப்படுத்தலாம். முடி வளர அதிக அளவில் எடுக்கும் பயோட்டின், சில ஆய்வக இயந்திரச் சோதனைகளில் குறுக்கிடும். இவற்றை எடுப்பவர்கள் ரத்தம் கொடுக்கும் முன்பே சொல்லிவிட வேண்டும்.

தமிழகத்தில் அரசு மருத்துவமனைகளின் நம்பிக்கை மையங்களில் சோதனையும் ஆலோசனையும் இலவசம். முதல் சோதனையில் பாசிட்டிவ் வந்தால், வேறு வகைக் கிட்களாலும் பார்த்தே உறுதிசெய்வார்கள். சந்தேகங்களுக்கு 1097 என்ற கட்டணமில்லா எண்ணில் பேசலாம்.