கப்பல் நிற்கும் துறைகளும் வயது முதிர்ந்த பெற்றோரும்

பம்பாய் என்று நம் பெரியோர் இன்றும் வழங்கும் மும்பையிலும், புது டில்லியிலும், ஆமதாபாத்திலும் குடியேறி வாழும் தமிழ்க் குடும்பங்கள் பல, ஊரிலிருந்து வந்து தங்கும் தாயையோ தந்தையையோ எங்கேனும் அழைத்துச் சென்று காட்ட விரும்புகின்றன. மும்பைத் துறைமுகத்திலிருந்து கோவா, இலட்சத் தீவு, கொச்சி ஆகிய இடங்களுக்குச் சென்று திரும்பும் உல்லாசக் கப்பல்கள் இந்நாளில் உள்ளமையால், அவ்விருப்பம் கடலை நோக்கியும் செல்கிறது. பருவத்திற்குப் பருவம் வழிகள் மாறுமாயினும் இம்மூன்று துறைகளையும் எடுத்துக்கொண்டு, முதியோருடன் செல்வோர் எவற்றைச் சிந்திக்க வேண்டும் என்பதை இங்குக் கூற முற்படுகிறோம்.

இரயிலில் முதியோர் படும் அல்லல்கள் பல கப்பலில் இல்லை. நடைமேடை மாற வேண்டுவதில்லை. மேல் படுக்கை, கீழ்ப் படுக்கை என்ற பூசல் இல்லை. ஒரே அறையில் உறங்கி விழிக்க, ஊர் தானே மாறியிருக்கும். லிஃப்டுக்கு அருகில், கப்பலின் நடுப்பகுதியில், தாழ்ந்த தளத்தில் அறை கேட்டுப் பெற்றால் அலையாட்டமும் குறைவு. ஆகவே கப்பலைப் பற்றிய கவலை சிறிது. கவலைப்பட வேண்டியது கரையைப் பற்றி. பயணச் சீட்டை வாங்குவோர் கப்பலின் உணவுச் சாலைகளையும் நாடக அரங்கையும் பற்றி ஆயிரம் கேள்விகள் கேட்கின்றனர். கப்பல் ஒவ்வொரு துறையிலும் எவ்வாறு நிற்கும் என்று கேட்பவர் சிலரே. முதியோருக்குப் பயணம் இனிதாவதும் துன்பமாவதும் அந்தக் கேள்வியைப் பொறுத்தது.

கப்பல் இரு வகையில் நிற்கும். முதல் வகை, துறைமுகச் சுவரை ஒட்டி நிற்பது. அப்போது ‘கேங்வே’ எனப்படும் சாய்வுப் பலகையின் மேல் நடந்து கரை சேரலாம். இதிலும் ஒரு நுட்பம் உண்டு. கடல் ஏறும்போது கப்பலும் ஏறும்; கடல் வற்றும்போது கப்பலும் தாழும்; பலகையின் சாய்வு அதற்கேற்ப மாறும். கொச்சியில் கடலின் ஏற்ற இறக்கம் ஏறத்தாழ ஒரு மீட்டர் அளவே. மும்பையிலோ சில நாட்களில் அது ஐந்து மீட்டரை எட்டும். காலையில் சமமாக இருந்த பலகை மாலையில் செங்குத்தாகத் தோன்றினால் வியப்படைய வேண்டியதில்லை. முழங்கால் வலியுடையோர்க்கு ஏறுவதினும் இறங்குவதே கடினம் என்பதையும் நினைவிற் கொள்க.

இரண்டாம் வகை, கப்பல் ஆழ்கடலில் நின்றுகொள்ள, சிறு படகில் கரை சேர்வது. இப்படகைக் கப்பல் வழக்கில் ‘டெண்டர்’ என்பர். அரசாங்கத் தாள்களுடனேயே பொழுதைக் கழிக்கும் நமக்கு அச்சொல்லைக் கேட்டவுடன் ஒப்பந்தப்புள்ளியே நினைவுக்கு வரும். கப்பல் நிறுவனத்தின் சிற்றேட்டில் அச்சொல்லைக் காண்போர் அது படகு என அறிந்து, அங்கேயே நின்று ஒருமுறை யோசிக்க வேண்டும்.

இலட்சத் தீவில் இவ்விரண்டாம் வகையே உண்டு. 36 தீவுகளாலான அக்கூட்டம் பவழத்தால் ஆனது. தீவைச் சுற்றிப் பவழப் பாறை வரம்பு கட்டியிருக்கிறது. வரம்பின் உட்புறம் நீர் ஆழமற்றது. பெருங்கப்பல் நுழைய இயலாது. எனவே கப்பல் வரம்பிற்கு வெளியே நிற்க, பயணிகள் கப்பலின் பக்கவாட்டிலுள்ள வாயிலில் இருந்து படகிற்கு மாறுவர். படகு அலைக்கு அலை உயர்ந்து தாழ்கிறது. அது வாயிலின் மட்டத்திற்கு வரும் அந்த ஒரு கணத்தில் காலெடுத்து வைக்க வேண்டும். இருபுறமும் மாலுமிகள் கைப்பிடித்து உதவுவர். ஆயினும் அந்த ஓரடியைப் பயணி தாமே வைத்தாக வேண்டும். சக்கர நாற்காலியிலேயே இருப்போரை இப்படகுகளில் ஏற்றுவதற்குப் பல கப்பல் நிறுவனங்கள் இசைவதில்லை. அலை மிகுந்தால் கப்பல் தலைவர் கரையிறக்கத்தையே நிறுத்திவிடுவதும் உண்டு.

இதை முன்னதாகவே சோதித்துப் பார்க்கலாம். பெற்றோர் வீட்டுப் படிக்கட்டில் சுவரையோ கைப்பிடியையோ பற்றாமல் ஓரடி உயரம் ஏறி இறங்குகிறார்களா? நகரப் பேருந்தில் நடத்துநர் அவசரப்படுத்தும்போது தடுமாறாமல் இறங்குகிறார்களா? இல்லையெனில் படகுப் பயணத்தை விட்டுவிடுவதே தக்கது. எழுபது வயதிற்கு மேல் இடுப்பெலும்பு முறிந்தால், அது ஒரு நாள் துன்பமன்று. பல மாதங்கள் படுக்கை. கடலின் நடுவிலோ சிறு தீவிலோ அது நேர்ந்தால் அறுவை சிகிச்சை கிடைக்கும் இடத்திற்குக் கொண்டுசெல்வதே பெரும்பாடு. தீவை அடைந்த பின்னரும் வெண்மணலில் கால் புதையும், நண்பகல் வெயிலில் மணல் சுடும், நிழல் குறைவு. நீலக் கடலும் தென்னஞ்சோலையும் கண்கொள்ளாக் காட்சியே எனினும், அக்காட்சியின் பெரும் பகுதியைக் கப்பலின் மேல்தளத்தில் நாற்காலியில் சாய்ந்தபடியே காணலாம்.

இலட்சத் தீவினர் அல்லாத இந்தியக் குடிமக்களும் அங்குச் செல்ல நுழைவு அனுமதி பெற வேண்டும். இதில் தமிழர்களுக்கென்றே ஒரு தொல்லை உண்டு. நம் பெற்றோரின் அடையாளச் சீட்டில் பெயருக்கு முன் தலைப்பெழுத்து மட்டும் இருக்கும். பயணச் சீட்டை வடநாட்டு முறைப்படி பதிவு செய்யும்போது தந்தை அல்லது கணவர் பெயர் முழுமையாகப் பின்னால் சேர்ந்துவிடும். இரண்டும் வேறு வேறு ஆட்களின் பெயரைப் போலத் தோன்றும். பதிவின்போதே அடையாளச் சீட்டில் உள்ளவாறு எழுத்துக்கு எழுத்து பொருந்தச் செய்தல் நலம்.

கோவாவில் கப்பல் மர்மகோவாத் துறைமுகத்தில் சுவரை ஒட்டியே நிற்கும். ஆகவே இறங்குவது எளிது, தொலைவுதான் இடர். பாஞ்சிம் நகரமும் பழைய கோவாவும் அங்கிருந்து ஏறத்தாழ முப்பது கிலோமீட்டர். இங்கு நேரக் கணக்கைச் சற்று விரிவாகவே பார்ப்போம். காலை 8 மணி முதல் மாலை 6 மணி வரை கப்பல் நிற்கும் என்று அச்சிட்டிருப்பதாகக் கொள்வோம். பத்து மணி நேரம் கிடைத்ததென மகிழ்கிறோம். ஆனால் கப்பலைக் கட்டி, அனுமதி பெற்று, முந்தியடிக்கும் கூட்டம் இறங்கி ஓயும்போது மணி ஒன்பதாகும். முதியோரைக் கூட்டத்தில் நிறுத்தாமல் அதற்குப் பின் இறக்குவதே முறை. புறப்பாட்டுக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்னதாகவே அனைவரும் கப்பலில் இருக்க வேண்டும் என்பது விதி. நாம் அதற்கும் ஒரு மணி நேரம் முன்னதாகத் திரும்புவதாகத் திட்டமிட வேண்டும். எஞ்சியவை ஏழு மணி நேரம். போக வர இரண்டு மணி. உணவுக்கும் இளைப்பாறுவதற்கும் இரண்டு மணி. மீதி மூன்று மணி நேரமே ஊர் பார்ப்பதற்கு. அதில் நான்கு இடங்களைப் பார்க்கலாம் என்று வாடகைக் கார் ஓட்டுநர் கூறுவார். இளைஞருக்கு அது பொருந்தும்.

முதியோருடன் செல்வோர் ஒரு துறையில் ஓரிடம் என்று வைத்துக்கொள்ள வேண்டும் என்பது நம் துணிபு. அந்த ஓரிடம் எது என்பதைப் பெற்றோரே தேர்ந்தெடுக்கட்டும். தூத்துக்குடியிலோ மணப்பாட்டிலோ பிறந்த கத்தோலிக்கத் தாய்க்குப் பழைய கோவாவின் போம் ஜேசு பேராலயத்தைத் தவிர வேறொன்றும் வேண்டியிராது. 1542ஆம் ஆண்டு முதல் முத்துக்குளித்துறையில் சமயப் பணி புரிந்த புனித சவேரியாரின் உடல் அங்கேதான் வெள்ளிப் பேழையில் வைக்கப்பட்டுள்ளது. சிவன் கோயிலை நாடும் தந்தைக்கு மங்கேஷி உண்டு. போர்த்துகீசியர் ஆட்சியில் அஞ்சி, 1560இல் அங்குள்ள மூர்த்தியை அடியார்கள் ஆற்றைக் கடந்து கொண்டுபோய் இன்றுள்ள இடத்தில் எழுந்தருளச் செய்தனர். மூலத்தலமாகிய கோர்ட்டாலிம், மர்மகோவாவிலிருந்து பாஞ்சிம் செல்லும் வழியிலேயே இருக்கிறது. அவ்வூரைக் கடக்கும்போது இக்கதையைச் சொன்னால் வழியும் பயனுள்ளதாகும். கோயிலில் காலணி களைந்து நடக்க வேண்டியிருத்தலின், கல் சூடேறும் முன் சென்றுவிட வேண்டும். நீரிழிவினால் பாதத்தில் உணர்ச்சி குன்றியவர்களுக்குச் சூடு தெரியாது. கொப்புளம் கண்ட பின்னரே தெரியும்.

கப்பல் நிறுவனம் நடத்தும் சுற்றுலாவில் சென்று தாமதமானால் கப்பல் பெரும்பாலும் காத்திருக்கும். நாமாக வாடகைக் கார் அமர்த்திச் சென்றால் காத்திராது. அடுத்த துறைக்குச் சொந்தச் செலவில் சென்று சேர வேண்டியதுதான். அடுத்த துறை இலட்சத் தீவாக இருந்தால் அதுவும் எளிதன்று. அந்நிலையில் தாயின் மாத்திரைகள் கப்பல் அறையில் கடலில் போய்க்கொண்டிருக்கும்! ஆகவே இரண்டு நாளைக்கு வேண்டிய மருந்து எப்போதும் கைப்பையில் இருக்கட்டும். நிறுவனத்தின் சுற்றுலாப் பேருந்தில் அச்சமில்லை. ஆனால் அது நாற்பது பேரின் வேகத்தில் செல்லும், ஒருவரின் கழிப்பறைத் தேவைக்காக நிற்காது. நம் கருத்தில், கரை அருகிலிருந்தால் வாடகைக் காரும், தொலைவிலிருந்தால் நிறுவனப் பேருந்தும் ஏற்றவை.

கொச்சி இம்மூன்றிலும் முதியோருக்கு மிக உகந்த துறை. கப்பல் நிற்கும் வெல்லிங்டன் தீவு இயற்கைத் தீவன்று. இராபர்ட் பிரிஸ்டோ என்னும் பொறியாளர் துறைமுகத்தை ஆழப்படுத்தியபோது தோண்டிய மண்ணைக் கொட்டி ஆக்கப்பட்டது. 1919 முதல் 1924 வரை சென்னை மாகாண ஆளுநராக இருந்த வெல்லிங்டன் பிரபுவின் பெயரை அது தாங்குகிறது. அங்கிருந்து மட்டாஞ்சேரியும் கோட்டைக் கொச்சியும் பாலத்தைக் கடந்தால் சில கிலோமீட்டர் தொலைவே. களைப்புத் தோன்றினால் அரை மணியில் கப்பலுக்குத் திரும்பிவிடலாம் என்பதே இத்துறையின் பெருஞ்சிறப்பு.

கிழமையைப் பார்த்துச் செல்ல வேண்டும். போர்த்துகீசியர் 1555இல் கட்டிக் கொச்சி மன்னருக்கு அளித்ததும், பின்னர் டச்சுக்காரர் பழுது பார்த்ததுமான மட்டாஞ்சேரி அரண்மனை வெள்ளியன்று திறப்பதில்லை. 1568இல் எழுந்த யூதர் தொழுகைக் கூடம் சனியன்று திறப்பதில்லை. அரண்மனையின் இராமாயணச் சுவரோவியங்கள் மாடியில் உள்ளன, படியேற வேண்டும். யூதர் தெருவின் கோடி வரை வண்டி செல்லாது. படியும் நடையும் வேண்டாதவர்களுக்குக் கோட்டைக் கொச்சியின் புனித பிரான்சிஸ் ஆலயம் பொருந்தும். 1524இல் கொச்சியில் இறந்த வாஸ்கோ ட காமாவை முதலில் புதைத்த இடம் அது. 1539இல் எச்சங்களை லிஸ்பனுக்கு எடுத்துச் சென்றுவிட்டனர். பயண நூல்கள் பெரிதும் பேசாத மற்றோர் இடமும் உண்டு. கோட்டைக் கொச்சியின் வெளி மைதானத்தை அடுத்த தோபி கானாவில் துணி வெளுக்கும் குடும்பத்தினர் தமிழ் மரபினர். டச்சுக்காரர் காலத்தில் அழைத்துவரப்பட்டோரின் வழியினர் என்பர். மொழி புரியாத நகரில் பல மாதங்களாக வாய் மூடியிருந்த ஒரு தாய்க்கு, அங்கு ஒருவருடன் ஐந்து நிமிடம் தமிழில் பேசுவது அரண்மனையினும் இனிதாகலாம். அக்டோபர், நவம்பர் மாதங்களில் கேரளத்தில் பிற்பகலில் இடிமழை வருவது இயல்பாதலின், காலையிலேயே போய்வருதல் தகும்.

அலைக் குமட்டலுக்கு விற்கும் மாத்திரைகள் பல உறக்கத்தைத் தருவன. முதியோரைத் தள்ளாடச் செய்வன. சுரப்பி வீக்கமுடைய ஆடவர்க்குச் சிறுநீர்த் தடையையும், சிலவகைக் கண்ணழுத்த நோயாளர்க்கு ஊறும் விளைப்பன. கரையிறங்கும் நாளில் மருத்துவரைக் கேளாமல் அவற்றைக் கொடுத்தல் கூடாது. சிறுநீர் மிகுவிக்கும் மாத்திரை உண்போர் அன்று அதன் வேளையை மாற்றலாமா என்பதையும் புறப்படும் முன்பே மருத்துவரிடம் கேட்டு வைக்கலாம்.

இனி, கரையிறங்க விரும்பாத பெற்றோரைப் பற்றி. “நீங்கள் போய் வாருங்கள், எனக்கு ஒன்றும் வேண்டாம்” என்று தாய் சொல்லும்போது அதற்கு இரு பொருள் உண்டு. உண்மையிலேயே வேண்டாம் என்பது ஒன்று. பிள்ளைகளுக்குப் பாரமாக இருக்க வேண்டாம் என்பது மற்றொன்று. “வருகிறீர்களா?” என்று கேட்டால் இரண்டையும் பிரித்தறிய முடியாது. “காரிலேயே போய், ஆலயத்தில் அரை மணி உட்கார்ந்து, சாப்பாட்டுக்குள் திரும்பிவிடுவோம்; நடக்க வேண்டிய தூரம் இவ்வளவுதான்” என்று விளக்கிக் கேட்டால் விடை தெளிவாக வரும். அதன் பின்னரும் வேண்டாம் என்றால் வற்புறுத்தலாகாது. துறையில் நிற்கும் நாளில் கப்பலில் கூட்டம் குறைந்து அமைதி நிலவும். லிஃப்டுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை.

தனியே விட்டுச் செல்வதாயின் அறைப் பணியாளரிடம் சொல்லிச் செல்ல வேண்டும். அறை எண், உண்ணும் மருந்துகள், ஒவ்வாதவை, பிள்ளைகளின் கைப்பேசி எண் ஆகியவற்றை ஆங்கிலத்திலும் இந்தியிலும் எழுதிய சிறு அட்டை, தமிழ் மட்டுமே அறிந்த முதியோரின் பையில் இருக்கட்டும். அதன் மறுபக்கத்தில் “தண்ணீர் வேண்டும்”, “மருத்துவரை அழையுங்கள்”, “என் அறைக்கு அழைத்துச் செல்லுங்கள்” என்பவற்றைத் தமிழிலும், எதிரே அம்மொழிகளிலும் எழுதி வைத்தால் விரலால் சுட்டிக் காட்டவே போதும்.

கொச்சியில் கப்பலிலேயே தங்கியவர்கள், புறப்படும் வேளையில் மேல்தளத்தின் இடப்பக்கத்தில் அமர்வார்களாக. கோட்டைக் கொச்சிக்கும் வைப்பின் தீவுக்கும் இடையிலுள்ள குறுகிய முகத்துவாரத்தின் வழியாகவே கப்பல் கடலுக்குச் செல்கிறது. பகலில் மற்றவர்கள் வெயிலில் நின்று பார்த்துவந்த சீன வலைகள் அப்பக்கத்தில் ஒவ்வொன்றாகக் கண்முன் கடந்து செல்லும்.