நீர் நோன்பும் சத்து மாத்திரைகளும்

நீர் நோன்பு என்பது உணவை முற்றிலும் தவிர்த்து, நீரை மட்டும் அருந்தி மேற்கொள்ளப்படும் உண்ணாநோன்பு ஆகும். இந்நோன்பின்போது உயிர்ச்சத்து மாத்திரைகளையும் தாது உப்புகளையும் உட்கொள்ளலாமா என்னும் வினாவுக்குச் சமய மரபும் மருத்துவமும் வெவ்வேறு விடை தருகின்றன. நீண்ட நோன்பில் இவை சில குறைபாடுகளைத் தடுக்கும். நோன்பைத் தீங்கற்றதாக ஆக்கமாட்டா.

சமய மரபு

பட்டு நெசவுக்குப் பெயர்பெற்ற ஆரணியின் சுற்றுவட்டாரம் தமிழ்ச் சமணர் வாழும் பகுதிகளுள் ஒன்றாகும். ஆரணியை அடுத்த பூண்டியில் பொன்னெழில்நாதர் சமணக் கோயில் உள்ளது. சமண நோன்புகளுள் நீரையும் விலக்குவன உண்டு. காய்ச்சி ஆறிய நீரைப் பகலில் மட்டும் ஏற்பனவும் உண்டு. உணவைத் துறத்தலே இவற்றின் நோக்கம் ஆதலால், சத்தை வேறு வடிவில் பெறுவது அதனோடு பொருந்துவதில்லை. செஞ்சிக்கு அருகிலுள்ள திருநாதர்குன்றின் வட்டெழுத்துக் கல்வெட்டு, சந்திரநந்தி ஆசிரியர் 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர் நீத்ததைக் குறிப்பிடுகிறது.

மீண்டும் உணவுக்குத் திரும்பும் எண்ணத்துடன் இருக்கும் நோன்பு இதனின்று வேறுபட்டது. 1943 ஆம் ஆண்டு புனே ஆகா கான் மாளிகையில் 21 நாள் நோன்பிருந்த காந்தி, நீருடன் சிறிதளவு சாத்துக்குடிச் சாறு சேர்த்துக்கொண்டார்.

உடலில் நிகழ்வது

கல்லீரலில் சேமிக்கப்பட்ட சர்க்கரை ஏறத்தாழ ஒரு நாளில் தீர்ந்துவிடும். அதன்பின் உடல் கொழுப்பைக் கரைத்து ஆற்றல் பெறுகிறது. தசையும் ஓரளவு கரைகிறது. முதல் சில நாட்களில் சிறுநீருடன் சோடியம் மிகுதியாக வெளியேறுவதால் எழுந்து நிற்கும்போது தலைசுற்றல் ஏற்படலாம். பொட்டாசியம், மக்னீசியம் ஆகியவையும் குறைகின்றன. தயமின் எனப்படும் உயிர்ச்சத்து பி1 உடலில் சில வாரங்களுக்கே இருப்பில் இருக்கும். அது தீர்ந்தால் மூளை பாதிக்கப்பட்டு நினைவிழப்பும் நடைத் தள்ளாட்டமும் உண்டாகலாம்.

துணைச்சத்துகளின் பயனும் எல்லையும்

இசுக்காட்லாந்தின் தண்டி நகரில் ஆங்கசு பார்பியரி என்பவர் 1965 - 1966 ஆண்டுகளில் மருத்துவர் கண்காணிப்பில் 382 நாட்கள் நோன்பிருந்தார். தொடக்கத்தில் அவரது எடை ஏறத்தாழ 207 கிலோகிராம். அவருக்கு உயிர்ச்சத்து மாத்திரைகளும் ஈசுட்டும், சில காலங்களில் பொட்டாசியமும் சோடியமும் வழங்கப்பட்டன. இது பிறர் பின்பற்றத்தக்க முறையன்று. அவரது உடலில் பெருமளவு கொழுப்பு இருந்தது. இரத்தமும் சிறுநீரும் தொடர்ந்து ஆய்வு செய்யப்பட்டன.

மாத்திரைகள் தசை கரைவதைத் தடுப்பதில்லை. இரும்பு, துத்தநாக மாத்திரைகள் வெறும் வயிற்றில் குமட்டலை உண்டாக்கும். பொட்டாசியம் அளவு மிஞ்சினால் இதயம் நின்றுவிடக்கூடும். எனவே அதனை இரத்தப் பரிசோதனையின்றித் தாமாக உட்கொள்ளுதல் ஆபத்தானது. மெல்லும் வகை மாத்திரைகள் பலவற்றில் சர்க்கரையும் கலந்திருக்கும்.

நோன்பு முடித்தல்

நீண்ட நோன்பின் பெரிய ஆபத்து அது முடியும் வேளையில் உள்ளது. சோறு, கஞ்சி, பழச்சாறு போன்றவற்றை உண்டவுடன் இன்சுலின் சுரக்கிறது. அது இரத்தத்திலுள்ள பாசுபேட்டு, பொட்டாசியம், மக்னீசியம் ஆகியவற்றை உயிரணுக்களுக்குள் செலுத்துகிறது. இவை இரத்தத்தில் திடீரெனக் குறைவதால் இதயத் துடிப்பு தடுமாறி இறப்பும் நேரலாம். இதனை மீளூட்ட நோய்க்கூட்டறிகுறி என்பர். இரண்டாம் உலகப் போரின் இறுதியில் சிறைமுகாம்களிலிருந்து விடுபட்டோர் சிலர் உணவு பெற்ற பின்னர் இறந்ததால் இது கவனத்துக்கு வந்தது.

5 நாட்களுக்கு மேல் உண்ணாதிருந்தவருக்கு முதல் 2 நாட்கள் தேவையில் பாதி அளவுக்கு மேல் உணவளிக்கலாகாது என்பது பிரித்தானிய மருத்துவ வழிகாட்டுதலாகும். நீண்ட நோன்பின் பின் மாவுச்சத்து உணவுக்கு முன்பே தயமின் கொடுக்கப்படுகிறது.

தவிர்க்க வேண்டியோர்

நீரிழிவுக்கு மருந்து எடுப்போர், கருவுற்றோர், பாலூட்டுவோர், சிறுவர், எடை குறைந்தோர், சிறுநீரக அல்லது இதய நோயுள்ளோர் ஆகியோருக்கு நீர் நோன்பு ஏற்றதன்று. மயக்கம், குழப்பம், நெஞ்சுப் படபடப்பு ஆகியன தோன்றினால் நோன்பிருப்பவரை உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.