பழங்காசு வாங்குவோர் கவனத்துக்கு

வாப்பா விட்டுப்போன பழங்காசுகளில் 1840 ஆம் ஆண்டின் விக்டோரியா வெள்ளி ரூபா மட்டும் இல்லை. கிழக்கிந்தியக் கம்பனி அடித்தது அது, இலங்கையிலும் புழங்கியது. போன வருடம் ஓர் இணையத்தளத்தில் ஒன்றைக் கண்டேன். “தளத்துக்கு வெளியே காசு போடுங்க, விலையைக் குறைச்சுத் தாறேன்” என்றார் விற்றவர். அவர் தந்த வங்கிக் கணக்குக்குப் போட்டுவிட்டேன்.

காசு வந்தது. நகைக்கடைத் தராசில் 9 கிராம்தான் காட்டியது. அசல் 11.66 கிராம், தேய்ந்தாலும் இவ்வளவு குறையாது. காந்தத்திலும் ஒட்டியது. வெள்ளி ஒட்டுமா? தளத்தாரிடம் முறையிட்டேன். “எங்கள் வழியாகப் பணம் வரவில்லையே” என்று கைவிரித்தார்கள். அவர்கள் சொன்னதிலும் பிழையில்லை.

வாங்குபவருக்கான பாதுகாப்பு பொருளோடு வருவதில்லை. பணம் செலுத்தும் வழியோடு வருகிறது. ஈபேயில் வாங்கி அங்கேயே பணம் செலுத்தியிருந்தால், விவரித்தபடி பொருள் இல்லை என்று, அது கைக்கு வந்து 30 நாட்களுக்குள் முறையிடலாம். பேபாலில் பொருளுக்கான கொடுப்பனவாகச் செலுத்தினால், செலுத்திய நாளிலிருந்து 180 நாட்கள் அவகாசம் உண்டு. பிணக்கைப் பதிந்தபின் 20 நாட்களுக்குள் அதை உரிமைக் கோரிக்கையாக உயர்த்தாவிட்டால் தானாகவே மூடப்பட்டுவிடும். ‘நண்பர்கள், குடும்பத்தினர்’ என்ற வழியில் அனுப்பிய பணத்துக்கு இந்தப் பாதுகாப்பே இல்லை.

பாதுகாப்பு இருந்தாலும் சான்று வேண்டும். விற்பனைப் பக்கத்தை வாங்கும்போதே படம்பிடித்து வையுங்கள். பிறகு அதை மாற்றிவிடலாம். ‘பிரதி’ என்ற சொல் அதில் எங்காவது ஒளிந்திருக்கிறதா என்றும் பாருங்கள். இருந்தால் முறைப்பாடு நிற்காது. பொதியைப் பிரிப்பதையும் தராசின் எண்ணையும் படமெடுங்கள். எடை சரியாக இருந்துவிட்டாலே அசல் என்றாகாது. காசு தெரிந்த ஒருவரிடம் காட்டி, எழுத்தில் அபிப்பிராயம் வாங்குங்கள். விற்றவரோடு தொலைபேசியில் கதைப்பதை விடத் தளத்தின் செய்திப் பெட்டியில் எழுதுவதே நல்லது. முடிவு வரும்வரை காசை எறியவோ, கேளாமல் திருப்பி அனுப்பவோ வேண்டாம்.

விற்றவர் உள்நாட்டு வியாபாரியானால், 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்கும் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கு எழுத்தில் முறையிடலாம். சுணங்க வேண்டாம்.

அந்தப் போலியை வாப்பாவின் பெட்டியில் நான் வைக்கவில்லை. மேசை லாச்சியில் கிடக்கிறது. பழங்காசு வாங்கப்போகிறேன் என்று யாரும் வந்தால், முதலில் அதைத்தான் கையில் கொடுக்கிறேன்.